ஓட்டில்லாத கரை

சுவிற்சர்லாந்தின் எங்கடினில் நான் வேலை செய்யும் ஹோட்டலுக்கு ஒரு குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து தூதுக்குழு ஒன்று மாநாட்டுக்கு வந்தது. கோப்பி பரிமாறியபடி உரைகளைக் கேட்டேன். அவற்றில் இந்துப் பெருங்கடல் அடிக்கடி வந்தது. அயலவருக்கு ஆபத்தென்றால் நாங்களே முதலில் உதவிக்கு நிற்போம் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் பத்திரிகைக்குக் கடற்றொழில் செய்திகள் எழுதியவன் நான். எந்த இடத்தில் கைதட்டினார்கள் என்பதையும் கவனித்தேன்.

அந்தக் கடலில்தான் என் அண்ணை தொழில் செய்தார். தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் கிழமைக்கு மூன்று நாள் வரும். வலை அறுந்துவிடும் என்று அந்த நாட்களில் அவர் வள்ளத்தை இறக்குவதில்லை. மிச்ச நாட்களில் பட்ட மீன் வீட்டுக்குப் போதவில்லை. வள்ளத்தை விற்பதா, வைத்திருப்பதா என்று மாரி முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"பெரிய ஆக்கள் வந்திருக்கினமெண்டனீ. உந்த இழுவைப்படகு வாறது எப்ப நிக்குமெண்டு ஒருக்காக் கேளன்," என்றார் தொலைபேசியில். "நிக்குமெண்டால் நான் வள்ளத்தை விக்கமாட்டன்."

"நான் இஞ்ச கோப்பி குடுக்கிறவன், அண்ணை."

"முந்தி மந்திரிமாரையே மறிச்சுக் கேட்டனீ. இப்ப என்ன, வாயையும் பேனையோட மூடி வச்சிட்டியோ?"

நடைவழியில் நான் தமிழில் கதைத்ததைக் குழுவின் இளம் அதிகாரி ஒருவர் கேட்டிருக்கிறார். மறுநாள் மதியம் ஊழியர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, சீஸைப் பார்த்தாலே பயமா இருக்கு. கொஞ்சம் சோறு கிடைக்குமா?"

சோறு இருந்தது. விருந்தினர் இருக்கும்போது கருவாடு பொரிக்கக்கூடாது என்பது சமையல் தலைவரின் கட்டளை. யன்னலைத் திறந்துவிட்டுப் பொரித்தேன். தன் ஊர் நாகப்பட்டினம் என்றார் அதிகாரி. கையால் பிசைந்து சாப்பிட்டார்.

"இது நம்ம ஊர் கருவாடு மாதிரியே இருக்கே!"

"என்ரை அண்ணை பிடிச்சது," என்றேன். பிறகு அண்ணையின் கேள்வியைக் கேட்டேன்.

"பேட்டியாண்ணே?" என்று சிரித்தார்.

"எழுதமாட்டன். அவருக்குப் பதில் சொல்லவேணும்."

சிரிப்பு நின்றது. "மேடையில பேசுறது வெளிநாட்டுக்கு. படகை நிறுத்தினா மறுநாளே எங்க கரையில மறியல். எங்க மீனவங்களும் அந்தப் படகை நம்பித்தான் அடுப்பு மூட்டுறாங்க. அவங்களுக்கு ஓட்டு இருக்கு. உங்க அண்ணனுக்கு எங்க ஊர்ல ஓட்டு இல்லையே."

"அப்ப நிக்காதோ?"

"இப்போதைக்கு இல்ல. காத்திருக்கச் சொல்லாதீங்க."

தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

சொல் மாறாமல் அண்ணைக்குச் சொன்னேன்.

"பொய் சொல்லாமல் சொல்லியிருக்கிறான்," என்றார். "வடிவாச் சாப்பிட்டவனோ?"

"ஓம்."

அடுத்த கிழமை வள்ளத்தை விற்றார். வாங்கியவர் அதை ஓட்டிக்கொண்டு போவதை அண்ணையின் மகள் வீடியோ எடுத்து அனுப்பினாள். ரயிலுக்குக் காத்து நின்றபடி பார்த்தேன். வள்ளம் படத்தின் விளிம்பைத் தாண்டிப் போன பிறகும் அண்ணை முழங்கால் தண்ணீரில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்புச் சாரத்தை அவிழ்த்து மறுபடி கட்டினார். ரயில் வந்து, கதவுகள் திறந்து, மூடி, போய்விட்டது. நான் அவருக்குப் பக்கத்தில், அந்தத் தண்ணீரில் நிற்க ஆசைப்பட்டேன்.