ரெட்டிபாளையத்தில் ஜெயந்தியின் அடீனியம் செடிகள்

ஜெயந்தி போன ஐப்பசியில் இறந்தாள். திருச்சியில் படித்தபோது விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். அவள் இறந்த நேரம் எனக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்ததால் சாவுக்குப் போக முடியவில்லை. பொங்கல் முடிந்த வாரம்தான் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து பெரம்பலூருக்குப் பேருந்தில் ஐந்தரை மணி நேரம். அங்கிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வழியெல்லாம் பருத்தியும் மக்காச்சோளமும். அரியலூரிலிருந்து ரெட்டிபாளையத்துக்கு டவுன் பஸ் உண்டு. காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்தேன், முந்நூறு ரூபாய்.

"சிமெண்ட் ஆலைக்கா போறீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லங்க. ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க."

அதன் பிறகு அவர் ஆட்டோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார்.

ஜெயந்தியின் கணவர் செல்வராசு அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் தண்ணீர்க் குழாய். லாரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசி அந்தத் தெருவில் எல்லா இலைகளிலும் படிந்திருக்கும். இவர் வீட்டுச் செடிகள் மட்டும் கழுவிவிட்டதுபோல் இருந்தன. "வாம்மா" என்றவர், குழாயை மூடாமலே அழுதார்.

செம்பருத்தியும் வாழையும் செழிப்பாகத்தான் இருந்தன. சுவரோரத் தொட்டிகளைப் பார்த்ததும்தான் மனசு கலங்கியது. ஜெயந்தி விதை போட்டு வளர்த்த அடீனியங்கள். குண்டான அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொண்டு வாழும் செடி அது. தொட்டுப் பார்த்தேன். அழுகிய பழம்போல் விரல் உள்ளே போனது. பக்கத்தில் சோற்றுக்கற்றாழையும் கூழாகச் சரிந்து கிடந்தது.

"மார்கழியில இலையெல்லாம் கொட்ட ஆரம்பிச்சிருச்சும்மா. தாகம்னு நெனச்சேன். காலையில ஒருதரம், சாயந்தரம் ஒருதரம்னு ஊத்துறேன். அப்படியும் வாடிப்போவுது."

குளிர் வந்தால் அடீனியம் தானாகவே இலையை உதிர்க்கும். தண்ணீர் வெளியேறுவது இலை வழியாகத்தான். இலை இல்லாவிட்டால் செலவு இல்லை, இருப்பதை வைத்துக்கொண்டு தூங்கும். அந்த நேரத்தில் ஊற்றினால் குடிக்காது, வேர் அழுகிவிடும். இதைச் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். இன்னும் மூன்று தொட்டிகளில் உயிர் இருந்தது. சொல்லிவிட்டேன்.

அவர் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்கு டயாலிசிஸ் ஓடுனப்ப அளந்துதாம்மா தண்ணி குடுக்கச் சொன்னாங்க. ராத்திரியெல்லாம் தண்ணி தண்ணின்னு கேப்பா. பஞ்சை நனச்சு உதட்டுலதான் வைப்பேன். சொம்பை ஒளிச்சு வச்சேன். செடிக்காவது வயிறாரக் குடுப்போம்னு பாத்தேன். அதுவும் செத்துப்போச்சா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன்: "அண்ணே, நீங்க குடுக்காம இருந்ததாலதான் அவ அத்தனை நாள் இருந்தா. குடுத்திருந்தா நெஞ்சுல தண்ணி கோத்து மூச்சு முட்டியிருக்கும். டாக்டரும் அதைத்தானே சொன்னாரு?"

"சரிதாம்மா" என்றார். ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா கேட்டாளே."

நான் எழுந்து ஒரு கத்தி கேட்டு வாங்கினேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த மூன்று செடிகளையும் பிடுங்கினோம். அழுகிய பாகத்தை வெட்டினோம். வெட்டின இடத்தில் மஞ்சள் தூள் தடவி நிழலில் காயப்போட்டோம். செம்பருத்திக்கும் வாழைக்கும் தினமும் ஊற்றுங்கள், அவை கேட்டுக் குடிக்கும் செடிகள் என்றேன். அன்று சாயங்காலம் குழாயோடு வாழையடியில் வெகுநேரம் நின்றார்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: திருச்சி பேருந்துகள் பல பெரம்பலூருக்குள் போகாமல் பைபாஸிலேயே இறக்கிவிடும், ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தை மாதம் நல்லது, சித்திரை வெயில் தாங்காது. அடீனியம் வெட்டி எடுத்துவந்தால் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், செய்தித்தாளில் சுற்றுங்கள். வெட்டுக்காயம் நன்றாகக் காய்ந்த பிறகு மணல் கலந்த மண்ணில் நடுங்கள். துக்க வீட்டுக்குப் போவதானால், கால் எப்படி இருந்தாலும் சீக்கிரம் போய்விடுங்கள்.

மாசியில் அண்ணன் போன் செய்தார். இரண்டு போய்விட்டன, ஒன்றில் துளிர் வந்திருக்கிறது என்றார்.

"தண்ணி ஊத்தலம்மா. பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன். அதுதான் முடியல."