நான்கு பட்டியலும் ஒரு சிறந்த வாசகரும்

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மொத்தம் எத்தனை உறுப்பினர்கள் என்று யாராவது கேட்டால், செயலாளர் ஒரு கணம் கூரையைப் பார்ப்பார். பிறகு, "எந்தப் பட்டியல்படி?" என்று திருப்பிக் கேட்பார். டெல்லியில் கோல் மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இரண்டே அறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பு, ஆனால் பட்டியல் நான்கு. ஆயுள் உறுப்பினர்களுக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கு ஒன்று, பொங்கல் விழாவுக்கு ஒன்று. நான்கையும் நான்கு பேர் வெவ்வேறு காலத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். ஒருவரை ஒருவர் கலந்து பேசிய தடயமே இல்லை.

"மேடம், ஆபீஸ்ல உங்களுக்கு இதே வேலைதானே. நாலையும் ஒண்ணாப் பண்ணிக் குடுத்துடுங்கோ. பொங்கலுக்குள்ள வேணும், கொஞ்சம் ஜல்தி" என்றார் செயலாளர். கும்பகோணத்துக்காரர்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் புள்ளிவிவரப் பிரிவில் இருபத்தைந்து வருடமாகக் குப்பை கொட்டுபவள். அடுத்தவர் செய்த பட்டியலைப் பார்த்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உள்ளூர ஒரு சந்தோஷமும் வரும்.

"இதெல்லாம் ஒரு வேலையா சார்? ரெண்டு ஞாயித்துக்கிழமையில முடிச்சுத் தாரேன்" என்றேன். திருநெல்வேலிக்காரிக்கு வாய் எப்போதும் கைக்கு ஒரு படி முன்னால்தான் போகும்.

சேர்ப்பதோடு நிற்காமல் சட்டமும் போட்டேன். தை மாதம் முதல் புதிய பட்டியலில் பெயர் இருந்தால்தான் நூலகத்தில் புத்தகம். இல்லாதவர்கள் புதிதாகச் சேர வேண்டும். முகவரிச் சான்று கட்டாயம். செயற்குழு போண்டாவை மென்றுகொண்டே ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

நூலக மேசையில் லேப்டாப்பைத் திறந்து நான் உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஓர் அம்மா ஒரு நாவலின் இரண்டாம் பாகம் கேட்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊர். ஜங்புராவில் மூன்று வீடுகளில் சமையல் செய்பவர். அங்கேயே மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் குடியிருந்தவர். அரசாங்கம் கேம்ப்பை இடித்த பிறகு டெல்லியின் வடகோடியில் நரேலாவில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தார். அங்கிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்திருந்தார். மூன்று பாகமுள்ள தடித்த குடும்ப நாவல் ஒன்றைப் பிடித்திருந்தார். முதல் பாகத்தின் கடைசியில் ஒரு பெண் தன் பிள்ளையை ரயில் நிலையத்தில் தொலைத்துவிடுகிறாளாம்.

"மூணாம் பாகத்த யாருக்கும் குடுத்துடாதீங்க சார்" என்றார் நூலகரிடம்.

நூலகர் தபால்துறையில் ஓய்வு பெற்றவர். "வேற யாரும்மா கேக்கப் போறா? இங்க பொறந்ததுங்களுக்கு அட்டையில இருக்கற பேரே வாசிக்கத் தெரியாது" என்றார்.

நான் வேலையில் மும்முரமாக இருந்தேன். நான்கு பட்டியலைச் சேர்ப்பதென்றால், இங்கே இருப்பவரும் அங்கே இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று கம்ப்யூட்டருக்குக் காட்டிக்கொடுக்க ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். பெயரை நம்ப முடியாது. பாதிப் பேருக்கு ஒரே முருகனின் பெயர். மீதிப் பேருக்கு இனிஷியல் ஒரு பட்டியலில் தலையிலும் இன்னொன்றில் வாலிலும் இருந்தது. தொலைபேசி எண்ணோ கல்யாணம், டிரான்ஸ்பர், சலுகை விலை என்று எதற்கெடுத்தாலும் மாறியிருந்தது. மிச்சம் இருந்தது முகவரி. எங்கள் சங்கத்தில் வீட்டுக்கு ஓர் உறுப்பினர் எண்தான். தவிர, எங்கள் அரசு உத்தியோகக் கும்பல் புது ஆளைப் பார்த்தால் பெயர் கேட்பதற்கு முன்பே 'எந்த ஏரியா, என்ன டைப் குவார்ட்டர்ஸ்?' என்று கேட்கிற கும்பல். வீட்டு எண்தான் எங்களுக்கு ஜாதகம். ஆகவே கம்ப்யூட்டருக்கு ஒரு விதி சொன்னேன்: ஒரே முகவரி என்றால் ஒரே உறுப்பினர். முதலில் வருகிற பெயர் நிற்கும். மற்றதெல்லாம் அதன் கீழே சேரும்.

முதல் தடவை கம்ப்யூட்டர் சேர்த்துக் காட்டியதிலேயே விமானப்படையில் ஓய்வு பெற்ற ஒருவர், எழுபத்திரண்டு வயதில், பிள்ளைகளின் ஆரம்ப வகுப்பில் 'அ, ஆ' படித்துக்கொண்டிருந்தார். சரோஜினி நகரில் அவர் காலி செய்த குவார்ட்டர்ஸுக்கு அடுத்து வந்ததும் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் வீட்டுப் பிள்ளை இவர் தலையில் வந்து விழுந்திருந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, குடியிருந்த வருடத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னதும் சரியாயிற்று. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பட்டியல் முடிந்ததும் ஓர் அதிசயம் கண்ணில் பட்டது. ஒரே ஓர் உறுப்பினர், நூலகத்தில் வேறு யாரும் கிட்டே நெருங்க முடியாத அளவுக்குப் புத்தகம் எடுத்திருந்தார். ஒரு பொங்கல் விடாமல் வந்திருந்தார். தமிழ் வகுப்புக்குப் பதினொரு பிள்ளைகளை அனுப்பியிருந்தார். கூட்டுக்குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருட சர்வீஸ் இருந்து என்ன பிரயோஜனம்! செயற்குழுவில் எழுந்து நின்று, "இவரல்லவா தமிழர்! விழாவில் பொன்னாடை போர்த்த வேண்டும்" என்று பேசினேன். செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டர் அச்சடித்துத் தந்த முகவரியை உறையில் ஒட்டி, யாரும் அதை வாசித்துப் பார்க்காமல், கடிதத்தை அனுப்பிவைத்தோம்.

தை பிறந்து முதல் ஞாயிறு. சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு இன்னும் ஒரு வாரம். நூலகர் புதிய பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மிடுக்காக உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா இரண்டாம் பாகத்தோடு வந்தார். நூலகர் பெயரைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"உங்க பேரு இல்லியேம்மா."

"பதினாலு வருசமா வரேனே சார்."

"விட்டுப்போயிருக்காதே. நாந்தான செஞ்சேன்" என்றேன் நான், பெரிய மனுஷி மாதிரி. "பரவால்ல, புதுசாச் சேந்துருங்க. ஆதார்ல என்ன அட்ரஸ் இருக்கு?"

"பழசுதான் மேடம். அங்கதான் இப்ப ஒண்ணுமே இல்லியே."

நான் போட்ட சட்டம் என்னையே பார்த்தது. அந்த அம்மா வாதாடவில்லை, கோபப்படவும் இல்லை. கவுன்டர்களில் 'இல்லை' என்று கேட்டுப் பழகியவர்போல இரண்டாம் பாகத்தை மேசைமேல் வைத்தார். பை தோளுக்கு ஏறியது. பிறகு நூலகரிடம் சொன்னார்: "மூணாம் பாகத்துல அந்தப் புள்ள கெடைக்குதா? அத மட்டும் சொல்லிடுங்க சார், போயிடறேன்."

நூலகர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே வந்த செயலாளரைப் பார்த்தேன். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நாவலை நாங்கள் யாரும் படித்ததில்லை.

"இருங்க, ஒரு நிமிசம்" என்று பழைய நூலகப் பட்டியலைத் திறந்தேன். அவர் பெயர் இருந்தது. முகவரி: மதராசி கேம்ப், ஜங்புரா. அதற்கு மேல் வரியில் இன்னொருவர், மதராசி கேம்ப், ஜங்புரா. அதற்கும் மேல் இன்னொருவர். வீட்டு எண் யாருக்கும் இல்லை. கேட்டு எழுதியவர்களும் யாரும் இல்லை. கேம்ப் மொத்தத்தையும் நான் ஒரே வீடாக்கி, பொன்னாடைக்குத் தேர்ந்தெடுத்திருந்தேன். புதிதாகக் கட்டுவதற்காக எங்கள் அரசு குவார்ட்டர்ஸையும்தான் இடித்தார்கள். இடிப்பதற்கு முன்பே எங்களுக்கு வேறு வீட்டு எண் கையில் வந்துவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. விமானப்படைக்காரருக்காக ஒரு சாயங்காலம் முழுக்கத் திருத்தியவள், இந்தப் பதினொரு பிள்ளைகளைப் பார்த்துக் கூட்டுக்குடும்பம் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

"உக்காருங்க. நீங்க இல்லாம இது ஆகாது" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அவர் சொல்லச் சொல்லப் பிரித்தேன்.

"இவங்க நரேலாவுல எங்க எதுர்ல. இவங்க ஊருக்கே போயிட்டாங்க. இந்தப் பொண்ணு நர்சுக்குப் படிக்குது மேடம், எழுதிக்குங்க."

அந்தச் சிறந்த உறுப்பினரின் பெயரை வாசித்ததும் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. "நம்ம பெயின்டர் அண்ணன்! பொங்கலுக்கு வளைவு கட்டித் தருவாருல்ல, அவரு. ஊருக்குப் போயி அஞ்சு வருசமாச்சு. அவருக்குப் படிக்கவே தெரியாதே!"

செயலாளர் ஓசைப்படாமல் அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்து வந்து வைத்தார். எங்கள் கடிதம்தான், முந்தின நாள் திரும்பி வந்திருந்தது. அந்த அம்மா பிரித்து, எங்கள் யாரையும்விடத் திருத்தமாக உரக்க வாசித்தார்: "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் எமது சங்கத்தின் சிறந்த வாசகராக..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயாவோட புஸ்தகம் முக்கால்வாசி உங்களோடது" என்றேன்.

விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். மேடையைவிட்டு இறங்கியதுமே அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பையில் ஏற்கெனவே மூன்றாம் பாகம் இருந்தது. முகவரிச் சான்று விதியை, பெயர்களைப் பிரித்த அந்த ஞாயிற்றுக்கிழமையே நீக்கியாகிவிட்டது. செயலாளர் முனக நினைத்தார்; என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து மூன்றாம் பாகத்தைத் திருப்பித் தர வந்தார். நான் ஓடிப்போய்க் கேட்டேன். "சொல்லுங்க. அந்தப் பிள்ள கெடச்சுதா இல்லியா?"

அவர் சிரித்தார். "நீங்களே படிச்சிப் பாருங்களேன் மேடம். அன்னிக்குப் பக்கத்துல உக்காந்தப்பப் பாத்தேன். உங்க பேருக்கு நேரா ஒரு புஸ்தகம்கூட இல்லியே."

நூலகர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அலமாரிக்குப் போய் முதல் பாகத்தை எடுத்து வந்து, என் பெயரில் எழுதச் சொன்னேன்.