இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே ஒரு நாற்காலி

ஒரு கம்ப்யூட்டரில் பார்த்து இன்னொன்றில் அடிப்பதும் ஒரு உத்தியோகம்தான். அதில் கழுத்து போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஜீவனஹள்ளி பக்கம், ஆஸ்பத்திரிகளுக்குக் கையுறை அனுப்பும் குடோனில் எனக்கு அந்த வேலை. ஆர்டர் ஒரு கம்ப்யூட்டரில் வரும். ஸ்டாக் இன்னொன்றில் இருக்கும். ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாது. எட்டாவதோடு படிப்பை விட்ட நான்தான் நடுவில்.

இருபது

ஆர்டர் கம்ப்யூட்டருக்கு 'ஒன்று' என்றால் ஒரு பெட்டி; ஸ்டாக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஜோடி. பெட்டிக்கு ஐம்பது ஜோடி என்று மனதிலேயே பெருக்கி அடிப்பேன். எங்கும் எழுதி வைத்ததில்லை. முழங்கால் வலியில் ஒரு நாள் லீவு போட்டேன். என் இடத்தில் உட்கார்ந்த பேக்கிங் ஸ்டெல்லா இருபதை இருபதாகவே அடித்துவிட்டாள். மறுநாள் நான் பையை வைப்பதற்குள் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில்: "ஏம்மா, இருபது பெட்டி கேட்டா இருபது ஜோடி வந்திருக்கு. டாக்டருங்க முறை வச்சு மாட்டிக்கிறதா?"

பக்கத்து நாற்காலி

அதன்பிறகு முதலாளி, இரண்டையும் இணைக்க, ஆபீஸ் வேலைகளை ஆராய்ந்து கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் காவ்யா என்ற பெண்ணை அழைத்து வந்தார். மூன்று நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் எதை அடித்தாலும் "ஏன்?" என்றாள். ஒரு ஒயரைப் போட்டு இணைத்துவிட்டுப் போயேன் என்றேன். "போடலாம் அக்கா. 'ஒண்ணு'ன்னா என்னன்னு ரெண்டும் ஒத்துக்கலைன்னா தப்பு இன்னும் வேகமா போகும், அவ்ளோதான்" என்றாள்.

நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். குடோன் இன்சார்ஜ் மஞ்சுநாத் வேறு சிரித்துக்கொண்டே கேட்டார்: "உங்க தலையில இருந்ததெல்லாம் அவங்க நோட்டுக்குப் போயாச்சு. இனி நாற்காலி எதுக்கு அக்கா?"

சொல்லாமல் வைத்த ஒன்று

பயத்தில் ஒன்றை மட்டும் மறைத்தேன். அல்சூரில் ஒரு நர்சிங் ஹோம். அவர்கள் 'ஒன்று' என்று போட்டால் பத்து பெட்டி அடங்கிய பெரிய அட்டைப்பெட்டி. இணைப்பைச் சோதித்த அன்றைக்கென்று பார்த்து அவர்கள் ஆர்டர்: இரண்டு. ஆயிரம் ஜோடி போக வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் தானாகவே நூறு என்று போட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என் அருமை தெரியும், நாற்காலி தங்கும். ஆனால் அன்று போனில் கேட்ட நர்ஸின் குரல் காதிலேயே இருந்தது. வண்டி கிளம்புவதற்குள் சொல்லிவிட்டேன்.

காவ்யா கோபப்படவில்லை. எழுதிக்கொண்டு, பக்கத்தில் என் பெயரையும் எழுதினாள். "நாளைக்கு அவங்க வேற மாதிரி ஆர்டர் போட ஆரம்பிப்பாங்க அக்கா. அதை முதல்ல கவனிக்கப் போறது நீங்கதான். ஆனா மறைக்கக் கூடாது."

இப்போது இரண்டும் நேராகவே பேசிக்கொள்கின்றன. சரியாகத்தான் பேசிக்கொண்டனவா என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பது என் உத்தியோகம் என்பதால், கழுத்து வலி மட்டும் பழையபடியே இருக்கிறது.