பிரேக்கை மட்டும் தராத மாஸ்டர்

பெருங்களத்தூரிலிருந்து சேலையூர் வரை காரோட்டத் தெரிந்த பெண்களில் பாதிப்பேர் உமர் மாஸ்டரிடம் பழகியவர்கள். மீதிப்பேர் அவரிடம் பழகியவர்களிடம் பழகியவர்கள். மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டைத் தாண்டிய ஒரு சந்தில் அவருடைய டிரைவிங் ஸ்கூல் இருந்தது. பேர்தான் ஸ்கூல். உள்ளே ஒரு மேஜை, சுவரில் சாலை விதிப் படங்கள், வெளியே தலையில் எல் போர்டைச் சுமந்துகொண்டு ஒரு பழைய மாருதி. அவ்வளவுதான்.

மனிதர் கெட்டிக்காரர், கோபக்காரரும் கிடையாது. ஆனால் ஒரு கோளாறு உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பிரேக்கை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பழகும் காரில் மாஸ்டர் உட்காரும் இடது சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்குமில்லையா, அதில்தான் அவர் கால் குடியிருக்கும். பழகுகிறவர் மிதிக்கலாமா என்று யோசிப்பதற்குள் வண்டி நின்றிருக்கும். "அது என் வேலைம்மா, நீ ரோட்டைப் பாரு" என்பார். கடைசி நாளில்தான் காலை மடக்கி வைத்துக்கொண்டு பிரேக்கைச் சொல்லித் தருவார். அன்றைக்கு வண்டியை விட்டு இறங்கும்போது எல்லோரிடமும் ஒரே வாசகம்: "இனிமே நான் வேணாம். நீயே போகலாம்."

அதற்குப் பிறகு அவர்கள் வரமாட்டார்கள். எதற்கு வரவேண்டும்? பழகி முடித்தவர்களுக்கு மாஸ்டரோடு என்ன வேலை?

ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் சொல்லித் தந்தவர் தன் மனைவி ஜஹீராவை மட்டும் வருஷக்கணக்காகத் தட்டிக்கழித்தார். வீட்டு மனுஷிக்குச் சொல்லித் தந்தால் சண்டைதான் மிஞ்சும் என்று சாக்கு. ஒருவழியாக அவள் பிடிவாதம் ஜெயித்து, ரயில்வே மைதானத்தில் காலையில் மாருதியை ஓட்ட ஆரம்பித்தாள். ஆள் குள்ளம், ஆனால் நன்றாகவே ஓட்டினாள். ஒரே ஒரு வம்பு, ஒன்றாவது கியரிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவுவாள். கேட்டால், "ரெண்டு எதுக்குங்க நடுவுல, வீட்டு புரோக்கர் மாதிரி" என்பாள். தினமும் இறங்கும்போது அவளும் ஒரே கேள்வியைக் கேட்பாள், "பிரேக் எப்போ?" இவரும் தினமும், "நாளைக்கு."

ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவர் சொன்ன அந்த 'நாளை' வராமலே போய்விட்டது. உமர் அழுது ஓய்ந்தார், அவள் பேரில் கத்தம் ஓதினார், மறுபடி வகுப்புக்குப் போனார். வாக்கு கொடுத்து ஏமாற்றியவன் என்ற எண்ணம் மட்டும் அவரை விடவில்லை. சோறு தொண்டையில் இறங்கும்போதெல்லாம் அது குத்தியது.

அந்த நேரத்தில்தான் பத்ரிநாராயணன் வந்து சேர்ந்தான். ஒரு காலத்தில் உமரிடம் அம்பாசிடரில் பழகியவன். இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய், அங்கே இறங்கிய வாரமே ஒரு வீட்டுத் தோட்டத்துச் சுவரில் காரை மோதியவன். "மாஸ்டர், நீங்க எனக்கு பிரேக்கைக் கண்லயே காட்டலை" என்று இன்னமும் குறைபட்டுக்கொள்வான். அங்கே சம்பாதித்ததில் பாதியை ஒரு பழைய காரில் போட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தான்.

காரின் பேர் ஆம்ஸ்ட்ராங் சிட்லி. வெள்ளைக்காரன் நாட்டிலேயே இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏதோ ஒரு கிராமத்தில், ஒரு மாட்டுக்கொட்டகைக்குள் கோழி எச்சத்தோடு கிடந்ததை விற்றவர், அது தன் அம்மாவின் கார் என்றாராம். அந்த அம்மாள் ஆசையாக வாங்கினாள், ஆனால் ஓட்டப் பழகவே இல்லை. ஞாயிறுதோறும் கொட்டகைக்குள் போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாளாம். பத்ரி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். மெக்கானிக் லோகநாதன் சிரிக்கவில்லை.

"சாமானோட சாமானா இன்னாத்தையோ ஏத்திக்கினு வந்துட்டாரு சாரு" என்றான்.

பெருங்களத்தூரில் பத்ரியின் காலிமனையில் தகரக் கொட்டகை போட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் காரோடு மல்லுக்கட்டினான் லோகநாதன். உதிரிகள் அங்கிருந்து பார்சலில் வந்தன. உளுத்துப்போன மரச்சட்டத்தைத் தச்சர் புதிதாகச் செய்தார். சீட்டுக்குப் பல்லாவரத்துத் தோல். காரின் மூக்கு நுனியில் பெண் முகமும் சிங்க உடம்புமாக ஒரு சின்னப் பொம்மை. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய நாளிலிருந்து, கொட்டகைக் கூரையில் உட்காரும் காக்கைகள் அந்தப் பக்கமே வரவில்லை. வண்டியை முதல்முறை கிளப்பும்போது நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூன்று நசுங்கின. டிரைவர் பக்கத்துப் பழம் மட்டும் முழுசாக, யாரோ எடுத்து ஓரமாக வைத்ததுபோல் தள்ளிக் கிடந்தது. லோகநாதன் அதைத் தொடவே இல்லை.

அந்தக் காரின் கியர் தனி ரகம். ஸ்டீயரிங்குக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு குச்சி. அடுத்து எந்தக் கியர் வேண்டுமோ அந்த எண்ணில் குச்சியை முதலிலேயே வைத்துவிட வேண்டும். பிறகு எப்போது இடதுகால் பெடலை மிதிக்கிறோமோ, அப்போது கியர் விழும். நினைப்பு முன்னால், காரியம் பின்னால். பத்ரிக்கு இது பிடிபடவில்லை. அதனால்தான் உமரைக் கூப்பிட்டான். நீங்கள் முதலில் பழகி எனக்குச் சொல்லிக்கொடுங்கள் மாஸ்டர் என்றான்.

உமர் தினமும் காலை வகுப்பு முடிந்ததும் கொட்டகைக்குப் போனார். சீக்கிரமே பழகிவிட்டார். விநோதங்களும் சீக்கிரமே தொடங்கின. லோகநாதன் சாயங்காலம் சரிசெய்து வைக்கும் உள்கண்ணாடி, காலையில் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், குள்ளமான ஆள் உட்கார்ந்து திருப்பிய மாதிரி. சீட் முன்னால் நகர்ந்திருக்கும். புதுத்தோலில் யாரோ இப்போதுதான் எழுந்துபோன குழிவு. கொட்டகைச் சாவியோ லோகநாதன் இடுப்பில் இருந்தது.

"அண்ணே, நீ பாட்டுக்கு உள்ள குந்திக்கினு கீற. எனக்கு இது சரியாப் படல" என்றான் அவன்.

"எலி கிலி இருக்கும்பா."

"எலி கண்ணாடி பாக்குமா?"

ஒருநாள் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. லோகநாதன் வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். உமர் ஏதோ யோசனையில், கால் பழகிய வழக்கத்தில், இடது சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாக உட்கார்ந்த பக்கமில்லையா. வாய் அதன்பாட்டுக்கு, "ம், ஒண்ணு போடு" என்றது.

குச்சி டிக்கென்று ஒன்றில் போய் நின்றது.

இன்ஜின் அதிர்ச்சியில் நகர்ந்திருக்கும் என்று நினைத்தார். இருந்தும் மெதுவாக, "ரெண்டு போடு" என்றார்.

குச்சி அசையவில்லை. வெயிலில் தகரம் மட்டும் முறுகிச் சடசடத்தது. பிறகு அது நகர்ந்தது, இரண்டைத் தாண்டி, மூன்றில் போய் நின்றது.

உமருக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. பக்கத்துச் சீட்டில் யாருமில்லை. தோல் மட்டும் மெல்ல அமுங்கி, மெல்ல எழும்பியது, மூச்சு வாங்குவதுபோல. பயத்தில் ஓடியிருக்க வேண்டியவர் ஓடவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. "ரெண்டு எதுக்குங்க" என்று கேட்கிற ஒரே ஆள் உலகத்தில் யாரென்று அவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து வகுப்பு நடந்தது. லோகநாதன் சாப்பிடப் போகும் உச்சிவெயில் நேரத்தில், யாரும் இல்லாத கொட்டகையில், உமர் இடது சீட்டில் உட்கார்ந்து காலியான வலது சீட்டோடு பேசுவார். குச்சிக்குப் பிறகு பெடல் அமுங்கியது. பெடலுக்குப் பிறகு வண்டியே அடி அடியாக நகர்ந்தது, கொட்டகை வாசலுக்கும் சுவருக்கும் நடுவே, முன்னும் பின்னும். நிறுத்த வேண்டுமென்றால் இவர் எட்டி ஹேண்ட்பிரேக்கை இழுப்பார். அந்தக் காரில் மாஸ்டருக்கென்று தனிப் பெடல் இல்லை என்பதை அவர் கால் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் தரையை மிதித்து மிதித்து விரிப்பில் பள்ளம் விழுந்தது.

வகுப்பு முடிந்து இறங்கும்போது வலது கதவு தானாகத் திறக்கும், உடனே சாத்திக்கொள்ளாது. ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதுபோல் பிடித்துக்கொள்ளும். உமருக்குக் கேள்வி புரியும்.

"நாளைக்கு" என்பார். கதவு சாத்திக்கொள்ளும்.

இந்தத் தடவை அது சாக்கில்லை, பயம். பிரேக் பழகியவர்கள் திரும்பி வந்ததில்லை. இவளும் பழகிவிட்டால்?

ஒருநாள் லோகநாதன் வாசலில் நின்று பார்த்துவிட்டான். தானாகத் திரும்பும் ஸ்டீயரிங்கைப் பார்த்தவனுக்கு வாய் குழறியது.

"அண்ணே, எறங்கு. அது அந்த வெள்ளக்காரக் கெழவி."

"வெள்ளக்காரிக்கு எப்படிப்பா தமிழ் புரியும்?"

"பேய்க்கு இன்னா பாஷ? நீ கூப்புடற பேருக்கு அது வருது. அவ்ளோதான்."

அந்தப் பேச்சு உமரை உலுக்கிவிட்டது. அன்று ராத்திரி தூங்கவில்லை. அவளாக இல்லாவிட்டால் என்ற நினைப்பு பேயைவிடப் பெரிய பயமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் போனார்.

அவருடைய மகள் சோயாவுக்கு இதெல்லாம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள், அப்பாவோடுதான் வாசம். அத்தா மெலிந்துகொண்டே போவதும், சாப்பிட வராததும், தனக்குத்தானே சிரிப்பதும் அவளை அரித்தன. ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டுத் தூக்கோடு அவளே பெருங்களத்தூருக்குக் கிளம்பி வந்துவிட்டாள்.

அன்று உமர் முதல்முறையாக வண்டியைக் கொட்டகைக்கு வெளியே விட்டிருந்தார். மனை வாசலை நோக்கி லேசான சரிவு. லோகநாதன் வேப்பமரத்தடியில் பீடியோடு, இந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். ஒன்று விழுந்தது, மூன்று விழுந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் அலறிக்கொண்டிருந்ததால் வாசலில் இரும்புக்கதவு கிறீச்சிட்டது இவருக்குக் கேட்கவில்லை.

சோயா உள்ளே வந்து, கதவின் தாழ்ப்பாளைத் தரைக்குழியில் பொருத்தக் குனிந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். பின்னால் வண்டி வருவது அவளுக்குத் தெரியவில்லை.

உமர் பார்த்தார். கால் வழக்கம்போல் பாய்ந்து வெறும் தரையை மிதித்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், சரிவில் பிரேக் கட்டை தேய்ந்து கத்தியதே தவிர வண்டி நிற்கவில்லை. லோகநாதன் எழுந்து ஓடிவந்தான். அவ்வளவு தூரத்திலிருந்து என்ன செய்ய முடியும்? முப்பது வருஷமாக யாருக்கும் தராமல் வைத்திருந்த வார்த்தையை உமர் அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"பிரேக்கு, ஜஹீரா. நடுப் பெடலு. மிதி."

வண்டி மூக்கைத் தரையில் குத்துவதுபோல் குலுங்கி நின்றது. சாப்பாட்டுத் தூக்கு உருண்டு, ரசம் மண்ணில் ஓடியது. அந்தச் சின்னப் பொம்மையின் மூக்கு சோயாவின் முந்தானையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் திரும்பி, ஓட்டுநர் சீட் காலியாக இருப்பதைப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

லோகநாதன் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் அடங்கியது. வண்டியைப் பின்னால் தள்ளலாமென்று பார்த்தால் சக்கரம் உருளவில்லை. குனிந்து உள்ளே பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது. பிரேக் பெடல் தரையோடு அமுங்கிக் கிடந்தது. கையால் நெம்பினான். ஸ்பேனரைக் கொடுத்து நெம்பினான். யாரோ உடம்பு முழுவதையும் அதன்மேல் வைத்து மிதித்துக்கொண்டிருப்பதுபோல் அது இம்மியும் எழவில்லை.

உமருக்கு அது புரிந்தது. முதல்முறை பயந்து மிதிப்பவர்கள் அப்படித்தான். மாஸ்டர் சொல்லும்வரை காலை எடுக்க மாட்டார்கள். அவர் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகுமென்றும் தெரியும். சோயா அழ ஆரம்பித்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"போதும்மா. காலை எடு. நல்லா நிறுத்துன." தன் காலையும் மடக்கி வைத்துக்கொண்டார். "இனிமே நான் வேணாம். நீயே போகலாம்."

பெடல் மெதுவாக, மிக மெதுவாக, மேலே எழுந்தது. வலது கதவு திறந்தது. இந்தத் தடவை பதிலுக்கு நிற்காமல் உடனே சாத்திக்கொண்டது.

சோயா அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. பத்ரிநாராயணன் கார் பழகினான், பழைய கார் கண்காட்சிக்கு ஓட்டிப்போய்க் கோப்பையும் வாங்கிவந்தான். உமர் மாஸ்டரிடம் பழக வருகிறவர்களுக்கு இப்போது முதல் பாடமே பிரேக்தான். வந்தது யார் என்று லோகநாதன் இன்னும் எப்போதாவது அவரோடு சண்டை பிடிப்பான். வாரம் ஒருநாள் காலையில் உமர் கொட்டகைக்குப் போவார். உள்கண்ணாடி, லோகநாதன் வைத்த இடத்திலேயே அசையாமல் இருக்கும். கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு, அவரே அதை ஒரு விரல் கீழே இறக்கி வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்புவார்.