ஏரிக்கரையிலிருந்து தெரிந்த சட்டை

"ஆவணி, ஞாயிறு, காலை. அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஒரு வீடு. பாதி கட்டிய மாடியில் ஓர் ஆள் நிற்பதாகத் தகவல். அந்த வீட்டில் இறந்துபோனவர்தான் என்கிறார்கள். அவ்வப்போது சட்டை மாறுகிறதாம். சொன்னவர்: எங்கள் தெருவுக்குப் பால் போடுபவர். நான் நேரில் பார்க்கவில்லை."

நான் எழுதி வைத்த குறிப்பு இது. உலகத்தில் எங்கெங்கே விசித்திரங்கள் நடப்பதாகச் சொல்கிறார்களோ அவற்றைக் குறித்து வைப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ராஜஸ்தானில் பொழுது சாய்ந்தபின் யாரும் நுழையக் கூடாது என்று பலகை வைத்திருக்கும் பாழடைந்த கோட்டை, மெக்சிகோவில் மரத்துக்கு மரம் பொம்மைகள் தொங்கும் தீவு, அமெரிக்கப் பாலைவனத்தில் தானாக நகர்ந்து தடம் பதிக்கும் கற்கள். ஒவ்வொன்றின் கீழும் யார் சொன்னது, எப்போது, யார் சரிபார்த்தது என்று எழுதுவேன். மெல்லிய பனித்தகடும் காற்றும் சேர்ந்துதான் அந்தக் கற்களை நகர்த்தின என்று கண்டுபிடித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. ஆனாலும் விடையை எழுதிவிட்டேன். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓர் இடம் இந்த வரிசையில் சேரும் என்று எதிர்பார்க்கவில்லை.

நான் போவதற்கு முன் அந்த வீட்டு அம்மாளே என்னைத் தேடி வந்தார். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி கேன்டீனில் சமையல் வேலை. அவருடைய பெற்றோர் இந்த ஏரிப் பாசன நிலங்களில் நடவு நட்ட கூலிகள். கணவர் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர். கீழ்த்தளம் முடிந்து, மாடிக்குத் தூண் எழுப்பி, அரைச்சுவர் வைத்த நிலையில் மாரடைப்பில் போய்விட்டார். அது நடந்து மூன்று வருடம்.

"சார், நீங்க பேய் பத்தி எல்லாம் எழுதுவீங்களாமே?"

"எழுதுவேன். நம்பமாட்டேன்."

"நம்பாட்டி போவுது. எங்க ஊட்ல பேய் இல்லன்னு எழுதிக் குடுங்க."

அவருக்கு ஒரே மகள். குத்தம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பெண் இப்போது முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். யாரோ பையன்கள் ஏரிக்கரையிலிருந்து எடுத்த வீடியோ சம்மந்தி வீட்டுக்காரர்களின் போனுக்குப் போய்விட்டது. அந்த வீட்டில் எங்கள் மருமகள் ஒரு நாள்கூடத் தங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"தலப்பிரசவத்துக்குப் பொண்ண இட்டாராத அம்மா இன்னா அம்மா சார்?" என்று கேட்டார். "நானும் டெய்லி மாடிக்குப் போயி பாத்துகினுதான் கீறேன். ஒண்ணுமே என் கண்ணுக்குத் தெரியல."

நான் எழுதிக் கொடுத்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்றேன். முதலில் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனபோது இரண்டு இளைஞர்கள் போனும் கையுமாக நின்றிருந்தார்கள்.

"மச்சான், சூம் பண்ணு. நிக்கிறான் பாரு!"

"அசையறான்டா மாமே!"

"டேய், உன் கைதான்டா அசையுது. போனை ஒழுங்காப் புடி."

என்னைப் பார்த்து ஒருவன், "இன்னா அண்ணாத்தே, நீங்களும் பேய் பாக்கவா?" என்றான். ஆமாம் என்றேன். மரியாதையாக இடம் விட்டான்.

தண்ணீருக்கு அப்பால், அரைச்சுவருக்கு மேல், ஒரு மனிதனின் தோள்கள் தெரிந்தன. நீலக் கட்டம் போட்ட சட்டை. தலையில் துண்டு. வெயில் மங்கும் நேரத்தில் அவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்த அம்மாள் என்னை மாடிக்கு அழைத்துப் போனார். ஏரியைப் பார்த்த பின்பக்கத் தூணில் ஒரு திருஷ்டி பொம்மை கட்டியிருந்தது. வீடு கட்டும்போது கண்ணேறு படாமலிருக்க எல்லோரும் வைப்பதுதான்: உள்ளே வைக்கோல், தலைக்குக் கவிழ்த்த மண்சட்டி, அதில் உருட்டு விழியும் மீசையும். தூண் எழுப்பிய அன்று கணவரே தன் பழைய சட்டையைப் போட்டுக் கட்டியது.

"இதுக்கு சட்டை மாத்துவீங்களா?"

"மழைக்கு நைஞ்சிபோவுதே சார். அவரு கட்டுன ஊட்ல கந்தலோட நிக்க உட முடியுமா? பீரோல இருக்கறதுல ஒண்ண எடுத்துப் போடுவேன். சட்டி விரிசல் உட்டுகிச்சி, அதான் துண்டு சுத்திகீறேன்."

படியேறி வருகிறவருக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரியும். ஏரிக்கரையில் நின்று தன் வீட்டை அவர் பார்த்ததே இல்லை. பேயைத் தேடித் தினமும் மாடிக்கு வந்தவர் அதன் பக்கத்திலேயே நின்று தேடியிருக்கிறார்.

இதுதான் அந்தப் பேய் என்று நான் சொன்னதும் சிரித்தார். பிறகு அரைச்சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்போ ஜனங்க பாத்தது அவரத்தானா?"

"அவர் சட்டையை."

ஜப்பானில் ஒரு மலைக்கிராமத்தைப் பற்றி நான் படித்திருந்தேன். ஒரு பெண் தன் தகப்பனார் சாயலில் பொம்மை செய்து வயலில் நிறுத்த, அக்கம்பக்கத்தார் நிஜ மனிதர் என்று நினைத்து வணக்கம் சொன்னார்களாம். என் குறிப்புகளில் அது இருக்கிறது. ஏரிக்கரையில் நின்றபோது அது எனக்கு நினைவுக்கு வரவேயில்லை.

பொம்மையை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் மறுத்துவிட்டார். வீடு முடியாமல் பொம்மையை இறக்கினால் கண்ணேறு உள்ளே இருப்பவர்கள் மேல் விழும். வரப்போவதோ பிள்ளைத்தாய்ச்சி. அப்படியானால் சம்மந்தியையே வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

ஐப்பசியில் ஒரு பகல் வேளையில் சம்மந்தியம்மாள் வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிக்கு ஏறியவர், பொம்மைக்கு முன்னால் போய் நின்று அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுவா? இத்தக் காட்டியா எம் புள்ள என்னைத் தூங்க உடாம பண்ணான்? மூஞ்சியப் பாரு, கல்யாணத்துல பந்திக்கு லேட்டா வந்த ஆளு கணக்கா."

எல்லோரும் சிரித்தோம். "கழட்டிடு சம்மந்தி" என்றார்.

"ஊடு முடியாம கழட்டக் கூடாதே."

"சரி, எப்போ முடிப்பே?"

அந்த அம்மாள் துருப்பிடித்து நிற்கும் கம்பிகளைப் பார்த்தார். ஏரி தெரிகிற மாதிரி ஜன்னல் வைத்து மகளுக்கு ஓர் அறை என்பது கணவரின் கணக்கு. எந்தச் சுவரில் ஜன்னல் என்று செங்கல்லில் கரியால் கோடுகூடப் போட்டிருந்தார். மூன்று வருட மழையில் அது அழிந்திருந்தது.

"பால் காய்ச்சிட்டா முடிஞ்ச மாதிரிதானே?" என்றார் கடைசியில்.

"செவுறே இல்லியேமே."

"இல்லாட்டி இன்னா? இவ்ளோதான் ஊடு. முடிஞ்சிபோச்சி."

சம்மந்தியம்மாள் கிட்டே வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலையில், அறை வந்திருக்க வேண்டிய இடத்தில் செங்கல் அடுக்கிப் பால் காய்ச்சினார்கள். மேலே வானம்தான் கூரை. விறகு ஈரம், புகையில் எல்லோருக்கும் கண்ணீர் வந்தது. பால் பொங்கியதும் அந்த அம்மாளே கயிற்றை அவிழ்த்தார். சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சரிசெய்தார். பிறகு சட்டையோடு பொம்மையை முச்சந்திக்குக் கொண்டுபோய்க் கொளுத்தச் சொன்னார். "தேதி குறிச்சிக்கங்க சார்" என்றார். குறித்துக்கொண்டேன்.

அந்த மாதமே வளைகாப்பு நடந்து மகள் வந்துவிட்டாள். மாசியில் குழந்தை பிறந்தது, பெண். பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடக் கூடாது என்பது வழக்கம். பீரோவில் மிச்சமிருந்த கடைசிச் சட்டையைத் துவைத்துக் கிழித்து அதில் சுற்றியிருந்தார்கள். வெள்ளையில் பச்சைக் கோடு.

ஆவணிக் குறிப்பின் கீழ் விடையை எழுதி முடித்திருந்தேன். போன வாரம் பால் போடுபவர் என்னை வாசலில் நிறுத்தினார். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை, ஏரிக்கரையில் வண்டியில் போகும்போது, அதே மாடியில், அதே இடத்தில் ஆளைப் பார்த்தாராம். இந்தத் தடவை ஏரியைப் பார்த்து நிற்கவில்லை, வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது என்கிறார். கொடியில் காய்ந்த துணியாக இருக்கும் என்றேன். அந்த அம்மாளைக் கேட்டதில், அன்று மாடியில் துணி எதுவும் உலர்த்தவில்லை என்றார். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.