அய்யாவின் கனைப்பு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதிலும் கம்ப்யூட்டர் படித்தவன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கேளுங்கள்.

2008 வாக்கில், கடலாடிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டிலேயே உட்கார்ந்து ஆராய்ச்சி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மிளகாய் விவசாயிகளுக்குத் தகவல் சொல்ல, திரையில் உட்கார்ந்து பேசும் ஒரு பெண் பொம்மை. பேச்சு வந்துவிட்டது, ஆனால் உடம்பு கட்டை மாதிரி இருந்தது. கை, கண், தலை எல்லாம் நம் ஊர்ப் பெண்கள் போல அசைய வேண்டும். அதற்காக அண்ணன் மனைவியை, என் மதினியை, பேசவிட்டு நாள்கணக்கில் வீடியோ எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துப் பார்த்து மெஷின் தானாகவே கற்றுக்கொள்ளும்.

அதில் ஒரு தப்பு நடந்துபோனது. எங்கள் அய்யா வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் ஒரு கனைப்பு கனைப்பார். மாமனார் வருகிறார் என்று மதினி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நிற்பார். அந்த இடங்களை வெட்ட மறந்துவிட்டேன். பொம்மையும் கற்றுக்கொண்டது. மைக்கில் அவர் கனைப்பு விழுந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்துவிடும். நான் கனைத்தால் அசையாது.

"ஏலே, ஒன்னயவிட இதுக்கு மருவாதி தெரியுதுடா" என்று அய்யாவுக்கு ஒரே பெருமை. இதற்காகவே பத்துத் தடவை வந்து போவார்.

ஒரு நாள் காலை அய்யா கனைத்தார். பொம்மை பேசிக்கொண்டே இருந்தது. மறுபடியும் கனைத்தார். அங்கே ஆளே இல்லாத மாதிரி பேசியது. மைக்கைச் சோதித்தேன், சரியாகத்தான் இருந்தது.

"என்னலே, நான் செத்துப்போனேனாக்கும்?" என்று சிரித்தவர், "நெஞ்சு லேசா அடைக்கிற மாதிரி இருக்கு. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவமா?" என்றார்.

மறுநாள் கல்லூரியில் பொம்மையைக் காட்ட வேண்டும். "இதச் சரி பண்ணிட்டு மத்தியானம் போவோம்யா" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மத்தியானத்துக்குள் மிளகாய்க் கொல்லையில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். மைக்கை அதற்கு முன்பே கழற்றிப் பரணில் போட்டிருந்தேன். பொம்மை இரண்டு வார்த்தை பேசியது, நிறுத்தியது, முந்தானையைப் போர்த்திக்கொண்டு எழுந்தது. பின்னால் முறம் வைக்கும் சத்தம். திரைக்கு முதுகைக் காட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்த மதினி, முந்தானையைப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றார்.

"என்ன மதினி?"

"மாமா கனைச்சாகள்ல தம்பி, ஒங்களுக்குக் கேக்கலையா?"

வாசலில் யாரும் இல்லை. மதினி பழக்கத்தில் எழுந்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மைக் இல்லாத மெஷின் எதைக் கேட்டு எழுந்தது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் என்னைத் தின்றுகொண்டிருப்பது அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்த மருமகளுக்குக் கேட்டது, பொம்மைக்குக் கேட்டது, பெற்ற பிள்ளை எனக்கு மட்டும் கேட்கவே இல்லை.