அம்மாவின் பக்கம் திரும்பிய கமரா

நான் வாழும் நோர்வேச் சிற்றூரில் தேவாலய மணியை யாரும் கயிறு பிடித்து இழுப்பதில்லை. ஞாயிறு காலை, தேவாலயத்தைப் பராமரிக்கும் சிகுர்ட் தன் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். இறங்கமாட்டார், வெளியே அப்படிக் குளிர். காருக்குள் இருந்தபடியே கைப்பேசியை எடுத்து விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். மேலே மணி அடிக்கத் தொடங்கும். இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. உள்ளே போனால் முன்வரிசை வாங்குகளில் ஐந்தாறு முதியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், மற்ற வாங்கெல்லாம் துடைத்து மினுக்கியது மினுக்கியபடி வெறுமையாகக் கிடக்கும். ஆனால் அந்தத் தேவாலயத்தின் இணையத்தளத்தைப் பார்க்கவேண்டும்! ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க ஒரு பொத்தான், காணிக்கை போட ஒன்று, இறந்தவர்களுக்கு மெழுகுதிரி ஏற்ற ஒன்று, உடம்புக்கு ஏலாதவர்கள் படுக்கையிலிருந்தே வழிபாட்டைப் பார்க்க இன்னொன்று. அதில் படம் போடுவதும் அறிவித்தல்களை மாற்றுவதும் வாரத்தில் ஒருநாள் என் வேலை. ஆளில்லாத இடத்துக்கு இவ்வளவு வசதியா என்று எனக்கு வயிறு எரியும். இலங்கையில் எங்கள் ஊரான தர்மபுரத்தில், எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குள் பாய் விரிக்க இடமில்லாமல் சனம் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பூசை காணும். அந்தக் கோயிலின் பெயரை இணையத்தில் தேடினால் ஒன்றுமே வராது.

அந்த எரிச்சலில்தான் எங்கள் கோயிலுக்கும் ஓர் இணையத்தளம் செய்யத் தொடங்கினேன். இலவசமாகக் கிடைக்கும் வார்ப்புரு ஒன்றை எடுத்துப் பூசை நேரங்களைப் போட்டேன். திருவிழா நாட்களைத் தானாக நினைவூட்டும் நாட்காட்டி ஒன்றை இணைத்தேன். மன்றாட்டு எழுதி அனுப்ப ஒரு பெட்டி வைத்தேன். ஊரில் டேற்றா போட்டுப் பார்க்கிறவர்களுக்குப் பெரிய படங்கள் திறக்கமாட்டா என்று தெரிந்து, படங்களைச் சுருக்கிப் போடப் பழகினேன். கோயில் எங்கே இருக்கிறதென்று காட்டும் வரைபடத்தில் மட்டும் விரல் தவறி, புள்ளி இரணைமடுக் குளத்தின் நட்டநடுவில் விழுந்துவிட்டது. பிரான்சிலிருந்து விடுமுறைக்குப் போன குடும்பமொன்று, ஞாயிறு உடுப்போடு வாடகை வான் பிடித்துப் போய்க் குளக்கட்டில் நின்றுகொண்டு எனக்கு அழைப்பெடுத்தது. “தங்கச்சி, இஞ்ச மீன்பிடிக்கிற ரெண்டு பேர்தான் நிக்கினம். கோயில் எங்க?” என்றார் அந்தக் குடும்பத்துத் தலைவர். நான் அவசர அவசரமாகப் புள்ளியைத் தூக்கித் தரையில் வைத்தேன்.

கடைசியாக வைத்ததுதான் நேரலைப் பொத்தான். உண்மையைச் சொன்னால் மற்ற எல்லாமே அதற்காகத்தான். அம்மா தர்மபுரத்தில் தனியே இருக்கிறார். அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. இங்கே வந்து என்னோடு இருங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் அலுத்துவிட்டது. வாரநாட்களில் பேசினால் “சாப்பிட்டியோ? பனி கொட்டுதோ?” என்பதோடு கதை முடிந்துவிடும். ஞாயிறு பூசையில் அம்மாவை ஒரு மணித்தியாலம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். அங்கே பத்து மணிப் பூசை என்றால் இங்கே எனக்கு விடியற்காலை. தேநீரும் கையுமாகக் கணினிக்கு முன்னால் உட்காருவேன்.

நேரலைப் பொறுப்பைப் பங்குத்தந்தை ஜெனிற்றாவிடம் கொடுத்தார். என் பொறாமைக்கு இப்போது ஒரு பெயர் வந்துவிட்டது. ஜெனிற்றா அம்மாவின் அடுத்த காணிக்காரி, முன்பள்ளி ஆசிரியை. அவளுடைய குடும்பம் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியது; அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் தர்மபுரத்தில்தான். அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறவளும் அவளே. கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்தபடி பூசை முழுக்க நிற்பாள். அதற்குப் பக்கத்தில் அவள் வாய் இருப்பதால், பாடகர் குழாமைவிட, ஏன், பங்குத்தந்தையைவிட அவளுடைய குரல்தான் எங்களுக்குப் பெரிதாகக் கேட்கும். பூசை முடிந்ததும், வெளிநாட்டில் இருக்கும் நாங்களெல்லாம் காத்திருக்கும் ஒரு நேரம் வரும். பார்க்கிறவர்கள் எழுதுகிற குறிப்புகளை அவள் சத்தமாக வாசிப்பாள். “கனடா அண்ணை கேக்கிறார் தன்ரை அம்மா எங்கையெண்டு. நில்லுங்கோ அண்ணை, இந்தா வாறன்” என்று செருப்புச் சத்தம் கேட்க ஓடுவாள். கிணற்றடி, மரத்தடி என்று தேடிப் பிடித்துக் காட்டுவாள். என் பெயர் வந்தால் பாயில் இருக்கும் அம்மாவிடம் போய்க் குனிந்து, “அம்மா, அக்கா பாக்கிறா” என்பாள். என் அம்மாவை அவளும் அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அம்மா நிமிர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு வாரம் ஓடும்.

ஆனால் வாரநாட்களில் அம்மாவின் கதையெல்லாம் மெல்ல மெல்ல ஜெனிற்றா மயமாகிவிட்டது. ஜெனிற்றா மீன் கொண்டுவந்தாள், ஜெனிற்றா மோட்டரைத் திருத்தினாள், ஜெனிற்றா சொன்ன பகிடி. ஒருநாள், “உன்ரை நீலச் சீலை அலுமாரிக்குள்ள சும்மாதானே கிடக்குது. ஜெனிற்றாவுக்குக் குடுத்திட்டன், பிள்ளைக்கு நல்ல வடிவு” என்றார். பிள்ளை என்று அம்மா கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் உண்டு என்று நினைத்திருந்தேன். “நல்லதம்மா” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

அவள்மீது எரிச்சல்பட எனக்கு உரிமை இல்லை என்பதுதான் இதில் பெரிய எரிச்சல். போரின் கடைசி மாதங்களில் நான் ஏற்கெனவே இங்கே கலியாணம் கட்டி வந்துவிட்டிருந்தேன். அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் கைப்பேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பேன். பிறகு ஒருநாள், போரில் தப்பிய சனத்தை அடைத்துவைத்த செட்டிகுளத்து முகாமிலிருந்து, யாரோ ஒருவருடைய தொலைபேசியில் அழைப்பு வந்தது. பேசியது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல். “அக்கா, நான் ஜெனிற்றா. அம்மா இருக்கிறா.” அவ்வளவுதான். பின்னால் நின்றவர் தன் முறை வந்ததென்று தொலைபேசியை வாங்கிவிட்டார். அந்த முகாமில் அம்மாவுக்காகத் தண்ணீர் வரிசையில் நின்றவள் அவள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் படுத்தவள் அவள். அதற்காக ஒவ்வொரு பூசையிலும் நான் அவளுக்காகச் செபிக்கவேண்டும். நான் செபிப்பதில்லை. அம்மா இருக்கிறார் என்பதைக்கூட அவள் வாயால்தானே கேட்கவேண்டியிருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நோர்வேத் தேவாலயத்துக் கமரா வேறு விதம். தூணில் பூட்டியிருப்பார்கள், வீட்டிலிருந்தே கைப்பேசியால் அதைத் திருப்பலாம், தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரலாம். பிடித்துக்கொண்டு நிற்க ஒருத்தி தேவையில்லை. அது என்ன கமரா என்று சிகுர்ட்டிடம் கேட்டேன். உங்கள் ஊரில் எத்தனை பேர் தேவாலயத்துக்கு வரமுடியாமல் இருக்கிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். “எல்லோரும் வருகிறார்கள். வரமுடியாதவள் நான் ஒருத்திதான்” என்றேன். அவருடைய முகம் வாடிவிட்டது. கமராவின் விபரத்தை எழுதித் தந்து, என் தோளை மெதுவாகத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த கிழமை என் வீட்டு வாசலில், தேவாலயத்தின் சார்பில் நோயாளிகளை வீடுவீடாகப் போய்ப் பார்க்கிற டியாகோன் அம்மையார் சுடச்சுட வாஃபல் பணியாரத்தோடு நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்து, எவ்வளவு காலமாக முடியாமல் இருக்கிறது என்று இரக்கத்தோடு கேட்டார். எனக்கு நோயொன்றும் இல்லை, சிகுர்ட் பிழையாக விளங்கிக்கொண்டார் என்று விளக்கப்போய், அம்மா, ஜெனிற்றா, நீலச் சேலை என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த கிழமையும் வருவதாகச் சொன்னார்.

ஊருக்குப் போன ஒருவரின் பெட்டியில் கமராவை வைத்து அனுப்பினேன். படம் ஆடாது, சத்தம் தெளிவாக இருக்கும் என்று பங்குத்தந்தைக்குச் சொன்னேன். அதில் பொய்யில்லை. அதைப் பூட்டியபோது ஏணியைப் பிடித்தவளும் ஜெனிற்றாதானாம். எனக்கு அழைப்பெடுத்து, “நல்ல வேலை செய்தீங்கள் அக்கா, இனி எனக்குக் கை உளையாது” என்று சிரித்தாள். கொஞ்சம் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முதல் ஞாயிறு. நான் இங்கிருந்து விரலை அசைக்க அங்கே கமரா திரும்பியது. பீடம், சுரூபங்கள், பெண்கள் பக்கம், பாய்கள், அம்மா! கமராவைக் கிட்டக் கொண்டுபோனேன். அம்மாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட, என் நீலச் சேலையில் ஜெனிற்றா இருந்தாள். கமராவுக்குப் பின்னாலிருந்து அவளை எடுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இருத்தியது நான்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. அவள் படத்துக்குள் வராதபடி இன்னும் கிட்டப் போனேன். அம்மா அவள் பக்கம் சாய்ந்தார். அவளுடைய தோள் உள்ளே வந்தது. இன்னும் கிட்டப் போனேன். கடைசியில் திரை முழுக்க அம்மாவின் முகம் மட்டும். நெற்றியில் புதிதாக ஒரு மறு. அம்மா வாயசைத்துச் செபிப்பதைப் பார்த்தபடி நான் எல்லாவற்றையும் மறந்துபோனேன். அந்தப் படம் எனக்கு மட்டும் போகவில்லை, கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிசுக்கும் போகிறது என்பது குறிப்புகள் வரிசையாக விழத்தொடங்கியபோதுதான் உறைத்தது. “பூசை எங்க?” “ஆரின்ரை அம்மா இது?” “நற்கருணை எழுந்தேற்றமும் முடிஞ்சுது, பங்குச் சுவாமியை ஒருக்காக் காட்டுங்கோ.” பூசை முடிந்தபிறகு இன்னும் மோசம். மரத்தடியில் நிற்கும் தன் தாயைக் காட்டச் சொல்லிக் கனடா அண்ணை எழுதிக்கொண்டேயிருந்தார். தூணில் பூட்டிய கமரா மரத்தடிக்கு எப்படி நடக்கும்?

அடுத்தநாள் பங்குத்தந்தை அழைப்பெடுத்தார். “றெஜினா, நேற்றுப் பூசை வைச்சது நான்தானே? எனக்கே சந்தேகமாக்கிடக்கு” என்றார். பகிடிதான், ஆனால் எனக்குக் காது சுட்டது. கமரா இனிப் பீடத்தை மட்டும் பார்க்கட்டும், மற்றதுக்கு ஜெனிற்றா பழையபடி நிற்கட்டும் என்று முடிவாகச் சொன்னார். அம்மாவிடம் முறையிடலாமென்று எடுத்தேன். அம்மா எனக்கு முந்திக்கொண்டார்.

“உந்தக் கமரா வேண்டாம் பிள்ளை. அது தானாத் திரும்பி என்னைப் பாக்கேக்க நெஞ்சு பக்கெண்டுது. பக்கத்தில இருந்த பெண்டுகளும் முக்காட்டை இழுத்து மூடினவை.”

“அதை நான்தானம்மா திருப்பினனான். உங்களைப் பாக்கத்தான். நீங்கள் ஒருக்காச் சிரிக்கேல்லையே?”

“அதுக்குப் பின்னால ஒருத்தரும் இல்லையே. ஆரைப் பாத்துச் சிரிக்கிறது?”

“நான் இருக்கிறன் அம்மா.”

“ஓம், நீ இருக்கிறாய்” என்றார் அம்மா. பிறகு, வழமைபோல, சாப்பிட்டியோ என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெனிற்றாவின் கைப்பேசிப் படம் பழையபடி ஆடி ஆடி வந்தது. எழுதக்கூடாது என்றுதான் பிடிவாதமாக இருந்தேன். கனடா அண்ணையின் தாய், சுவிஸ்காரரின் தம்பி, பிரான்சுக் குடும்பத்தின் மாமியார் என்று ஒவ்வொருவராகக் காட்டி முடித்தாள். நிறுத்தப்போகிறாள் என்று தெரிந்தபோது என் விரல் என்னைக் கேளாமலே பெயரை எழுதிவிட்டது. “ஆ, எங்கட அக்காவும் நிக்கிறா!” என்று அவள் கத்தினாள். படம் தரை, பாய், பாவாடைக்கரை என்று ஓடி அம்மாவிடம் போய் நின்றது. “அம்மா, றெஜினா அக்கா!” அம்மா நிமிர்ந்தார். முகம் அப்படியே மலர்ந்தது. ஒரு கிழமையாகப் பூட்டிவைத்திருந்த சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்போதுதான் அம்மாவின் கண்களைக் கவனித்தேன். அவை என்னைப் பார்க்கவில்லை. எனக்குச் சற்று மேலே, கைப்பேசியைப் பிடித்திருந்தவளின் முகத்தைப் பார்த்தன. என் பெயரைக் கேட்டு அம்மா அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு நேரே வரலாமென்று கதிரையிலிருந்து கொஞ்சம் எழும்பினேன். திரைக்கு மேலே என் வீட்டு யன்னல்தான் இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.